“செம லேக்” என்றதில் என்ன தப்பு?

கேள்வி: கல்யாணமாகி ஆறு வருடமாகிறது. கணவர் வீட்டார் எல்லோரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில், வாராவாரம் யார் என்ன படம் பார்த்தார்கள் என்று பேச்சு ஓடும். போன மாதம் ‘மெய்யழகன்’ பார்த்துவிட்டு, “செம லேக், பாதியிலேயே தூங்கிட்டேன்” என்று போட்டேன். கணவரின் பெரியப்பா, “இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொந்தபந்தம்னா என்ன தெரியும்” என்று பதில் போட்டார். நீடாமங்கலம் பக்கத்தில் இருந்த வீட்டை விற்றுவிட்டு இருபது வருடத்துக்கு முன் திருப்பூர் வந்தவர் அவர். அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. நான் படத்தைத்தானே சொன்னேன்? நாத்தனார் வேறு, நான் பார்த்துக்கொண்டிருக்கும் வெப் சீரிஸில் கொலையாளி யார் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார். இனிமேல் படத்தைப் பற்றி வாயே திறக்காமல் இருந்துவிடலாமா?
- பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: வாயை மூட வேண்டாம். படம் வெளியாகி முதல் மூன்று நாட்களுக்கு யாரும் விமர்சனம் வெளியிடக்கூடாது என்று 2024 இறுதியில் தயாரிப்பாளர்கள் சங்கம் ஒன்று சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தது. நீதிமன்றம் தடை விதிக்க மறுத்துவிட்டது. நீதிமன்றமே தராத தடையை நீங்களாகப் போட்டுக்கொள்வானேன்?

அந்தப் படம் நீளம் என்று சொன்ன முதல் ஆளும் நீங்கள் இல்லை. 2024 செப்டம்பரில் வெளியானபோது கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் ஓடியது. நீளம், நீளம் என்று பலரும் சொல்லவே, சில நாட்களிலேயே பதினெட்டு நிமிடத்துக்கு மேல் வெட்டினார்கள். எடுத்தவர்களே காது கொடுத்துக் கேட்ட குறை அது. உங்கள் பெரிய மாமனார் கோபித்துக்கொள்ள அதில் ஒன்றுமில்லை.

ஆனால் அவர் கோபித்துக்கொண்டது அதற்கு இல்லை என்று நினைக்கிறேன். உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், நீடாமங்கலம் வீட்டை விற்றுவிட்டு வந்தவர் என்று. படத்தின் கதை என்ன? சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை இழந்து ஊரை விட்டுப் போன ஒருவன், இருபது வருடத்துக்கும் மேல் கழித்து, தங்கை கல்யாணத்துக்காக அதே நீடாமங்கலத்துக்குத் திரும்பி வருகிறான். நீங்கள் படத்தைத்தான் சொன்னீர்கள். அவர் காதில் அது அவருடைய வீட்டைச் சொன்னதாக விழுந்திருக்கிறது. மூன்று மணி நேரம் அவர் பார்த்தது கார்த்தியையும் அரவிந்த்சாமியையும் மட்டுமாக இருக்காது. “தூங்கிட்டேன்” என்ற சொல் அந்த இடத்தில் போய்க் குத்தியிருக்கிறது. உங்களுக்கு இது தெரிந்திருக்க வழியில்லை. குழுவில் இருக்கும் பதினைந்து இருபது பேரில் யாருக்கு எந்தப் படம் எங்கே தைக்கும் என்று கணக்குப் பார்த்தா எழுத முடியும்?

அதனால் நான் சொல்வது ஒன்றுதான்: தீர்ப்பைக் குறைத்து, பார்த்ததைக் கொஞ்சம் கூட்டிச் சொல்லுங்கள். நம் ஊரில் படம் பார்த்துவிட்டு வருகிறவரிடம் “எப்படி இருக்கு?” என்று கேட்டால் வருகிற பதில்கள் மொத்தமே நாலுதான். செம. மொக்கை. பரவாயில்லை. ஒரு தடவை பார்க்கலாம். இதில் கடைசிப் பதில் இருக்கிறதே, அதைப் போல வழுக்கலான வாக்கியம் தமிழில் இல்லை. பார் என்கிறாரா, பார்க்காதே என்கிறாரா என்று கடைசி வரை தெரியாது. 2003 பொங்கலுக்கு ‘அன்பே சிவம்’ பார்த்துவிட்டு நானும் நண்பர்களிடம் இதையேதான் சொன்னேன். தியேட்டரில் அந்தப் படம் சரியாகப் போகவில்லை. என் வாயும் அதற்குக் கொஞ்சம் உதவியிருக்கும். பல வருடம் கழித்து டிவியில் பார்த்து, சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டபோது, அன்றைக்கு ‘தூள்’ படத்துக்கு டிக்கெட் கிடைக்காத கடுப்பில்தான் இதற்குப் போனோம் என்பது ஞாபகம் வந்தது. அதை நண்பர்களிடம் அன்று நான் சொல்லவே இல்லை.

நீங்கள் எப்படிப் பார்த்தீர்கள்? குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு, ராத்திரி பதினோரு மணிக்கு, போனில், இரண்டு தவணையாகவா? அப்படியானால் அதையும் சேர்த்துச் சொல்லலாம். “ராத்திரி பேச்சு எனக்கு நீளமா இருந்தது, அசதியில தூங்கிட்டேன். ஆனா மணமேடையில தங்கச்சிக்கு நகையெல்லாம் போட்டுவிடுற இடத்துல எழுந்து உட்கார்ந்துட்டேன்” என்று எழுதியிருந்தால், நீளம் என்ற உங்கள் கருத்து அப்படியே இருந்திருக்கும். பெரியவரும் இரண்டு மூன்று வரி பதில் எழுதியிருப்பார். பிடித்த இடம் எதுவுமே இல்லையென்றால் இருப்பதாகக் கதை விட வேண்டாம். அது இன்னும் மோசம், கண்டுபிடித்துவிடுவார்கள்.

நாத்தனார் விஷயம் வேறு. அவர் கெட்டவர் இல்லை, காலம் மாறியதை கவனிக்காதவர். ‘மெட்டி ஒலி’ ஓடிய நாட்களில் ஊரே ஒரே நேரத்தில் ஒரே எபிசோடைப் பார்த்தது. மறுநாள் காலையில் குழாயடியில் எதைப் பேசினாலும் யாருக்கும் நஷ்டமில்லை. 2022-இல் ‘சுழல்’ வந்தபோது எட்டு எபிசோடும் ஒரே நாளில் வந்து இறங்கின. ஒரே வீட்டில் ஒருவர் விடிய விடியப் பார்த்து முடிக்கிறார், இன்னொருவர் சமையலுக்கு நடுவில் மூன்றாவது எபிசோடில் நிற்கிறார். லண்டனில் 1952 முதல் நடக்கும் ‘தி மவுஸ்ட்ராப்’ என்ற நாடகத்தில், கொலையாளி யார் என்பதை வெளியே சொல்லிவிடாதீர்கள் என்று பார்வையாளர்களிடமே கேட்டுக்கொள்கிறார்கள். கேட்பதில் வெட்கமில்லை. “அண்ணி, நான் இன்னும் மூணாவதுலதான் இருக்கேன்” என்று பேச்சின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். அதையும் மீறிச் சொன்னால், அடுத்த சீரிஸை அவருக்கு முன்னால் நீங்கள் பார்த்து முடித்துவிடுங்கள். (இதை நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.)

பெரிய மாமனாருக்கு வாட்ஸ்அப்பில் எதுவும் எழுதாதீர்கள். இருபது பேர் பார்க்க மன்னிப்புக் கேட்டால் அவருக்கும் சங்கடம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவர் சாப்பிட்டு முடித்திருக்கும் நேரத்தில், நேரில் போங்கள், முடியாவிட்டால் போன் போடுங்கள். “லேக்னு சொன்னது படத்தைத்தான் மாமா” என்று ஆரம்பிக்காதீர்கள். மறுபடி அங்கேயே போய் நிற்பீர்கள். “மாமா, நம்ம நீடாமங்கலம் வீடு எப்படி இருக்கும்? நான் பார்த்ததே இல்லையே” என்று கேளுங்கள்.

அவர் சொல்ல ஆரம்பித்தால் திண்ணை, கொல்லைப்புறம், கிணறு என்று மூன்று மணி நேரம்கூடப் போகும். தூங்கிவிடாதீர்கள்.