ஏர்பாட்ஸ் மாத்தினா காதைத் திரும்ப ஸ்கேன் பண்ணணுமா?

ஒரு வாசகி அனுப்பின கேள்வி இது: "அண்ணா, போன வருஷம் ஐபோன்ல என் காதை ஸ்கேன் பண்ணி ஏர்பாட்ஸ் ப்ரோல பர்சனலைஸ்டு ஸ்பேஷியல் ஆடியோ போட்டேன், என் காது அளவுக்கு ஏத்த மாதிரி சத்தம் சுத்திலும் இருந்து வர்ற மாதிரி சூப்பரா இருந்துச்சு. இப்ப தலையில மாட்டுற பெரிய ஹெட்போன், ஏர்பாட்ஸ் மேக்ஸ் வாங்கியிருக்கேன், ஐபேட்லயும் மேக்லயும் படம் பாப்பேன். அந்த செட்டிங்கை இதுக்கெல்லாம் மாத்தித் தர்றேன்னு கடைக்காரர் 1,200 ரூபா கேக்குறாரு, ஆப்பிள் ஐடி பாஸ்வேர்டும் கேக்குறாரு. கொடுக்கலாமா? வீட்டுக்காரரும் நானும் ஒரே ஐடிதான்."

கொடுக்காதீங்கமா. ஒத்த ரூபா கூட கொடுக்காதீங்க, பாஸ்வேர்டு சுத்தமா வேணாம். மாத்துறதுக்கு அங்க ஒண்ணுமே இல்ல, நீங்க எடுத்த ஸ்கேன் ஏர்பாட்ஸ் உள்ள போய் உக்காரல, அது உங்க ஆப்பிள் அக்கவுண்ட்ல இருக்கு. அதே அக்கவுண்ட்ல லாகின் பண்ணின ஐபேட், மேக், ஆப்பிள் டிவி எல்லாத்துக்கும் ஐக்ளவுட்ங்கிற ஆப்பிளோட ஆன்லைன் சேமிப்பு வழியா தானாவே வந்துரும். சாஃப்ட்வேர் மட்டும் பழசா இருக்கக்கூடாது, போன்ல ஐஓஎஸ் 16, மேக்ல வென்ச்சுரா, இல்ல அதுக்கு மேல. புது ஏர்பாட்ஸ் மேக்ஸை போனோட புளூடூத்ல இணைச்சுட்டு, தலையில மாட்டிக்கிட்டே செட்டிங்ஸ்ல ஏர்பாட்ஸ் பேரைத் தொட்டு கீழ போய் பாருங்க, பர்சனலைஸ்டு ஸ்பேஷியல் ஆடியோன்னு இருக்கும். வேலை அவ்வளவுதான்.

ஏன் காதை ஸ்கேன் பண்ணச் சொல்றான்னா, வலப்பக்கம் வர்ற சத்தம் வலது காதுக்கு முதல்ல போகும், இடது காதுக்கு ஒரு மில்லி செகண்டுக்கும் கம்மியா லேட்டா போகும், அதோட உங்க காது மடல்ல இருக்கற மடிப்பு ஒவ்வொண்ணும் சத்தத்தைக் கொஞ்சம் மாத்தி உள்ள அனுப்பும். மூளை இத வச்சுதான் சத்தம் எங்கேருந்து வருதுன்னு கண்டுபிடிக்குது. அடுத்தவங்க காது அளவை உங்களுக்குப் போட்டா, திரையில முன்னாடி நிக்கிற ஆள் பேசறது உச்சந்தலைக்கு மேலேருந்து வர்ற மாதிரி இருக்கும்.

இப்ப உங்க வீட்டு விஷயம், உண்மையான சிக்கலே இங்கதான். ரெண்டு பேரும் ஒரே ஐடின்னா அக்கவுண்டுக்கு ஒரு காதுதான். உங்க காது அளவுலதான் அவரும் கேட்டுட்டு இருக்காரு, நாளைக்கு அவர் தன் போன்ல ஸ்கேன் பண்ணா உங்களோடது போயிரும், நீங்க வந்து ஹெட்போன் ரிப்பேர்னு நினைப்பீங்க. நம்ம ஊர்ல நிறைய வீட்ல இப்படித்தான், போன் வாங்குறப்ப கடைக்காரப் பையனே ஒரு ஐடிய போட்டுக் கொடுத்துருவான், குடும்பமே அதுல ஓடும். அவருக்குத் தனி ஐடி போடுங்க, ஃபேமிலி ஷேரிங்ல சேத்துக்கோங்க, மொத்தம் 6 பேர் வரைக்கும் சேரலாம், வாங்கின ஆப், சந்தா எல்லாம் பங்கு போட்டுக்கலாம். காது அளவு மட்டும் பங்கு வராது, வரவும் கூடாது. அவர் ஐபோன்ல ஃபேஸ் ஐடி இருக்கணும்ங்கிறதும் முக்கியம், ஏன்னா ஸ்கேன் எடுக்குறது அந்த முன் கேமராதான். ஃபேஸ் ஐடி இல்லாத ஐபோன் எஸ்இ மாடல்ல முடியாது, ஐபேட்ல ஃபேஸ் ஐடி இருந்தாலும் அதுல ஸ்கேன் எடுக்க விடமாட்டான். அப்ப உங்க போனை வாங்கி எடுக்கலாமான்னு கேப்பாரு. அதுக்கு உங்க ஐடிய லாக் அவுட் பண்ணி அவரோடத போடணும், அந்த ஆட்டத்துல போட்டோ, கான்டாக்ட் எல்லாம் குழம்பும். ஸ்பேஷியல் ஆடியோவுக்காக அந்த ரிஸ்க் எடுக்காதீங்க, ஸ்கேன் இல்லாம பொது அளவுலயே அவர் கேக்கட்டும்.

திரும்பவும் அந்தக் கடைக்காரர் விஷயத்துக்கே வர்றேன், எனக்கு ஆத்திரமா வருது. பாஸ்வேர்டு வாங்கினதும் உங்க போனுக்கு 6 இலக்க கோடு வரும், "அத மட்டும் சொல்லுங்க மேடம்"னு கேப்பாங்க. அத சொன்னீங்கன்னா உங்க போட்டோ, பேக்கப், போனையே லாக் பண்ற அதிகாரம் எல்லாம் அவங்க கைக்குப் போயிரும். இன்னும் சிலபேர் "ஸ்பேஷியல் செட் பண்ணின செகண்ட் ஹேண்ட் ஏர்பாட்ஸ்"னு கூடுதல் விலைக்கு விக்கிறாங்க. பழைய ஓனரோட காது அதுல இருக்காது, இருந்தாலும் உங்களுக்கு எதுக்கு அது? செகண்ட் ஹேண்ட் வாங்கினா ஒண்ணே ஒண்ணு கேளுங்க, தொலைஞ்சா தேடிக் கண்டுபிடிக்கற ஃபைண்ட் மை-லேருந்து, பழைய ஓனர் தன் அக்கவுண்ட்ல அந்த ஏர்பாட்ஸை எடுத்துட்டாரான்னு.

ஆண்ட்ராய்டு போன்ல இதே ஏர்பாட்ஸை மாட்டினா அது சாதா புளூடூத் ஹெட்போன்தான். சோனிக்காரன் தன் ஆப்ல தனியா காதை போட்டோ எடுக்கச் சொல்லுவான், அது அவன் ஹெட்போனோட சரி. இந்த மாதிரி காது அளவை ஒரு ஃபைலா எழுதி வைக்க 2015லயே பொதுவான ஃபார்மேட் வந்துருச்சு, ஆனாலும் நம்ம காது அளவை நம்ம கையில கொடுக்க இந்தப் பெரிய கம்பெனிங்களுக்கு மனசு வரல. என் காதை நான் ஏன் கம்பெனிக்கு ஒரு தடவைன்னு திருப்பித் திருப்பிக் காட்டணும்?

உங்க மேக்ஸ்ல சத்தம் சரியா வரலன்னு தோணுச்சுன்னா, செட்டிங்ஸ்ல அதே பர்சனலைஸ்டு ஸ்பேஷியல் ஆடியோ இடத்துல ஸ்டாப் யூசிங்னு இருக்கறத அழுத்திட்டு மறுபடி ஸ்கேன் பண்ணுங்க. முடியைக் காதுக்குப் பின்னாடி நல்லா ஒதுக்கி கட்டிக்கோங்க, வெளிச்சம் முகத்துல விழற மாதிரி உக்காருங்க. முதல்ல முகம், அப்புறம் வலது காது, அப்புறம் இடது. காதைக் காட்டுறப்ப திரை கண்ணுக்குத் தெரியாது, சத்தம் கொடுத்துத்தான் சொல்லும், அவசரப்படாம தலையை மெதுவா திருப்புங்க.