அக்காகிட்ட கேளுங்க: "அவனுக்கு மனசுல ஆறு வயசுதான், இதெல்லாம் எப்படி?"

ரெண்டு இதழுக்கு முன்னாடி அறிவுசார் குறைபாடு இருக்கிற பிள்ளைங்க பெரியவங்களானா வீட்ல பாலியல் விஷயத்தப் பத்தி என்ன பேசணும்னு போற போக்குல நாலு வரி எழுதினேன். அதுக்கு வந்த லெட்டருங்கதான் இந்த வாரம் முழுக்க. பேர் போட்டு எழுதினவங்க பேரையும் நானே எடுத்துட்டேன்.

அக்கா, என் பையனுக்கு 24 வயசு, டவுன் சிண்ட்ரோம். சொன்ன பேச்சு கேக்குற பிள்ளை. ஒரு வருஷமா ஹால்ல டிவி பாக்கும்போதே பேண்ட்டுக்குள்ள கைய விடுறான், விருந்தாளி வந்தாலும் நிறுத்த மாட்டேங்கிறான். அவங்க அப்பா பெல்ட்டால அடிச்சும் பாத்துட்டார். ஒரு கல்யாணத்தப் பண்ணி வச்சா சரியாயிடும்னு நாத்தனார் சொல்றாங்க. மனவயசு ஆறுன்னு சர்டிபிகேட்லயே போட்டிருக்கு, அப்புறம் எப்படிக்கா இதெல்லாம்?
*ஒரு அம்மா, திருநெல்வேலி*

முதல்ல அந்த பெல்ட்ட பீரோவுல வச்சுப் பூட்டுங்க. அடுத்தது, அந்த இடத்துல அரிப்பு, படை, புண்ணு ஏதாவது இருக்கான்னு அவங்க அப்பாவப் பாக்கச் சொல்லுங்க, வெயில் காலத்துல டைட் ஜட்டி போட்டு படர்தாமரை வந்து அதச் சொல்லத் தெரியாம சொறியுற பிள்ளைங்கள "கெட்ட பழக்கம்"னு அடிச்சிருக்கோம் நாம.

அந்த ஆறு வயசு கணக்கு இருக்கே, அதுதான் பாதி பிரச்சனை. டெஸ்ட் வைக்கும்போது புதிர், கணக்கு, பேச்சு இதுலெல்லாம் எந்த வயசுப் பிள்ளை செய்ற அளவுக்கு செய்றான்னு ஒரு நம்பர் போடுறாங்க, அவ்வளவுதான் அது. ஹார்மோன் அந்த சர்டிபிகேட்ட எல்லாம் படிச்சுப் பாக்காதும்மா. 24 வருஷமா கல்யாண வீட்டுக்குப் போயிருக்கான், சினிமா பாத்திருக்கான், மீசை வந்துடுச்சு. 2017ல சுப்ரீம் கோர்ட்லயே ஒரு வழக்கு வந்துச்சு, டெல்லியில செரிபிரல் பால்சி (மூளை முடக்குவாதம்) இருக்கிற 38 வயசுப் பெண்ணுக்கு நடந்த பாலியல் கொடுமை, மனவயசு ஆறுலேர்ந்து எட்டுதான், அதனால குழந்தைங்களுக்கான போக்ஸோ சட்டத்துல விசாரிங்கன்னு அவங்க அம்மா கேட்டாங்க. வயசுன்னா பிறந்த தேதிய வச்சுதான்னு கோர்ட் சொல்லிடுச்சு. அந்த அம்மாவோட தவிப்பு எனக்குப் புரியுது, பாதுகாப்புக்காகத்தான் கேட்டாங்க. ஆனா வீட்டுக்குள்ள நமக்கும் அதே கணக்குதான், உங்க வீட்ல இருக்கிறது 24 வயசு ஆம்பிளை.

அவன் செய்றது சுயஇன்பம், அந்த வயசுல பெரும்பாலானவங்க செய்றதுதான். அதனால நரம்பு தளராது, கண்ணு குழி விழாது, பஸ் ஸ்டாண்ட் சுவத்துல லாட்ஜ் ரூம் நம்பர் போட்டு நோட்டீஸ் ஒட்டுற வைத்தியருங்க பங்களா கட்டினதுதான் மிச்சம். தப்பு அந்தச் செயல்ல இல்ல, இடத்துல. "இங்க இல்ல, உள்ள போய்" அப்படின்னு ஒரே வாக்கியம், வீட்ல எல்லாரும் அதே வாக்கியம், கோவமில்லாத குரல்ல. ஆளாளுக்கு ஒண்ணு சொன்னா அவனுக்குக் குழம்பும். ஒத்தை பெட்ரூம் வீடுன்னா பாத்ரூம்தான் அவன் இடம், தாழ்ப்பாள் போடக் கத்துக் குடுங்க, முடிச்சதும் கழுவிட்டு டிரஸ் சரி பண்ணிட்டு வெளிய வரணும், நீங்களும் கதவத் தட்டாம உள்ள போகக் கூடாது. நாம கதவத் தட்டாம அவன் ரூமுக்குள்ள நுழைஞ்சுக்கிட்டு அவனுக்கு மட்டும் "தனி இடம்"னா என்னன்னு எப்படிப் புரியும்? இதெல்லாம் ஷேவிங் கத்துக் குடுக்கிற மாதிரி அப்பாவோ அண்ணனோ சொன்னா நல்லது. மாசக்கணக்காகும். ஹால்ல உக்காரும்போது கைக்கு வேலை குடுங்க, பூண்டு உரிக்கட்டும், துணி மடிக்கட்டும். காயமாகுற அளவுக்குப் போனா, இல்ல மணிக்கணக்கா நிக்கலைன்னா டாக்டர்கிட்ட போங்க, அவன் ரிஸ்பெரிடோன் மாதிரி மனநலத்துக்கான மாத்திரை ஏதாவது எடுக்கிறான்னா அதையும் சொல்லுங்க, அதெல்லாம் இந்த விஷயத்துல மாற்றம் பண்ணும். நீங்களா நிறுத்திடாதீங்க.

நாத்தனார்கிட்ட சொல்லுங்க, இன்னொருத்தர் வீட்டுப் பொண்ணு மருந்து இல்ல.

என் தங்கச்சிக்கு 22. பீரியட்ஸ் வந்தா பேட கழட்டி எறிஞ்சிடுறா, அம்மாவுக்கு 58 வயசு, முடியல. கர்ப்பப்பைய எடுத்துடுங்க, நாளைக்கு ஏதாவது ஆனாலும் பயமில்லன்னு சித்தி சொல்றாங்க. இன்னொண்ணு, யார் வந்தாலும் ஓடிப் போய்க் கட்டிப் பிடிக்கிறா.
*அண்ணன், ஈரோடு*

தம்பி, சித்தி சொன்னதுல அந்த ரெண்டாவது பாதி இருக்கே, "ஏதாவது ஆனாலும்", அதக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. ஆபரேஷன் பண்ணா கெட்டவன் கை நிக்காது, கர்ப்பம் மட்டும்தான் உண்டாகாது. அதாவது நடந்தது வெளிய தெரியாது. இவளுக்கு என்ன பாதுகாப்பு அதுல? 1994ல மகாராஷ்டிராவுல ஷிரூர்ங்கிற ஊர் ஹோம்ல இருந்த அறிவுசார் குறைபாடுள்ள பொண்ணுங்கள பூனாவுக்குக் கூட்டிட்டுப் போய் இதே காரணம் சொல்லி கர்ப்பப்பைய எடுத்தாங்க, நாடே கொந்தளிச்சுது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 10வது பிரிவு தெளிவா சொல்லுது, அவங்களோட சுயமான, புரிஞ்சுக்கிட்ட சம்மதம் இல்லாம பிள்ளை பெற முடியாமப் போற எந்த சிகிச்சையும் செய்யக் கூடாது. கட்டி, அடங்காத ரத்தப்போக்குன்னா அது வேற விஷயம், அப்பவும் முதல்ல மாத்திரை, கர்ப்பப்பைக்குள்ள வைக்கிற ஹார்மோன் சாதனம்னு வேற வழி நிறைய இருக்கு. வலிப்பு மாத்திரை எடுக்கிறாளான்னு சொல்ல மறக்காதீங்க, கார்பமாஸெபைன், ஃபெனிடாயின் எல்லாம் ஹார்மோன் மாத்திரையோட வேகத்தக் குறைச்சிடும்.

பேட் குத்துதான்னு பாருங்க, பல நேரம் அதுதான் காரணமா இருக்கும், மெல்லிசு பருத்தித் துணியோ பீரியட்ஸ் ஜட்டியோ வாங்கிப் பாருங்க. சும்மா இருக்கிற நாள்ல பழக்கணும், ஜட்டியில பேட் வைக்கிற இடத்த மார்க்கர்ல வரைஞ்சு, குங்குமத் தண்ணிய ரெண்டு சொட்டு விட்டு, மாத்துறது, பேப்பர்ல சுத்துறது, கை கழுவுறதுன்னு அம்மாவோ அண்ணியோ தினம் ஒருதடவை செஞ்சு காட்டட்டும். ஒண்ணு மட்டும், உங்க வீட்ல தூரம்னு மூலைல உக்கார வைக்கிற பழக்கம் இருந்தா விட்டுடுங்க. அவளுக்கு அது தண்டனையாத்தான் புரியும், தண்டனைக்குக் காரணமான பேட அவ ஏன் வச்சிருக்கணும்?

கட்டிப் பிடிக்கிறதுக்கு, வாசல்ல கோலமாவுல ஒண்ணுக்குள்ள ஒண்ணா நாலு வட்டம் போடுங்க. நடுவுல அவ. முதல் வட்டத்துல அம்மா, நீங்க, இவங்களக் கட்டிக்கலாம். அடுத்தது மாமா, டீச்சர், கை குடுக்கலாம். மூணாவது எதிர்வீட்டுக்காரங்க, ஆட்டோக்காரர், வணக்கம். கடைசில தெரியாதவங்க, பேச்சே வேணாம். போட்டோ ஒட்டி வெளையாட்டா பழக்குங்க. ஆனா இந்த வட்டத்துல ஒரு ஓட்டை இருக்கு, தப்பு பண்றவன் முக்கால்வாசி தெரிஞ்சவனாத்தான் இருப்பான், உள்வட்டத்துலயே இருப்பான். அதனால ஜட்டி மறைக்கிற இடத்த யார் தொட்டாலும், "யார்கிட்டயும் சொல்லாத"ன்னு யார் சொன்னாலும் உடனே சொல்லணும்னு தனியா பழக்கணும். அவ "வேணாம்"னா அதுக்கு வீட்ல மதிப்பு குடுங்க. "மாமாவுக்கு முத்தம் குடு"ன்னு இருபது வருஷம் பழக்கிட்டு நாளைக்கு ஒருத்தன்கிட்ட அவ மறுக்கணும்னா எப்படி? உறுப்புக்கு ஒழுங்கான பேரும் சொல்லிக் குடுங்க, "பப்பி ஷேம்"னு மட்டும் தெரிஞ்சா ஸ்டேஷன்ல எழுதுறவருக்கு என்ன புரியும்? அப்படி ஒண்ணு நடந்துட்டா பெண்கள் உதவி எண் 181க்கு அடிங்க. வாக்குமூலம் எடுக்கும்போது ஸ்பெஷல் எஜுகேட்டர், அதாவது இவங்களுக்குப் பாடம் எடுக்கிற சிறப்பு ஆசிரியர், கூட இருக்கணும், வீடியோ எடுக்கணும்னு சட்டமே சொல்லுது, கேட்டு வாங்குங்க. மாற்றுத்திறனாளிப் பெண்ணப் பலாத்காரம் பண்ணா குறைஞ்சபட்சமே 10 வருஷம்.

எங்க தொழிற்பயிற்சி மையத்துல பாலியல் கல்வி வகுப்பு வைக்கலாம்னா, "சொல்லிக் குடுத்துக் கெடுக்காதீங்க"ன்னு பெத்தவங்க சண்டைக்கு வர்றாங்க.
*ஸ்பெஷல் டீச்சர், விழுப்புரம்*

முதல் வகுப்பு பெத்தவங்களுக்கு வைங்க டீச்சர். நீங்க காட்டப் போற படத்தையெல்லாம் அவங்களுக்கு முதல்ல காட்டுங்க, சந்தேகத்த பேர் போடாத சீட்டுல எழுதி டப்பால போடச் சொல்லுங்க, அவங்களுக்கே எவ்வளவு தெரியாதுன்னு அப்பதான் வெளிய வரும். நான் பாத்த வரைக்கும் சீட்டப் படிக்க ஆரம்பிச்சதும் சண்டை போடுறவங்க அமைதியாயிடுவாங்க. மாற்றுத்திறனாளிங்களுக்குப் பாலியல், இனப்பெருக்க சுகாதார சேவை தரணும்னு அதே 2016 சட்டம் 25வது பிரிவுல அரசாங்கத்துக்கே கடமையா எழுதி வச்சிருக்கு, அதையும் ஒரு பேப்பர்ல அடிச்சு வச்சுக்கோங்க.

எனக்கு 27 வயசு. தையல் வேலை பாக்குறேன். பிரெண்ட் இத எழுதித் தர்றா. எங்க சென்டர்ல ஒருத்தர எனக்குப் புடிக்கும். அவருக்கும் என்னப் புடிக்கும். அம்மா திட்டுறாங்க. இது தப்பா?
*சேலம்*

தப்பு இல்லம்மா. புடிக்கிறது தப்பே இல்ல.

நீயே லெட்டர் அனுப்பினதுல எனக்கு ரொம்ப சந்தோஷம். இத உன் பிரெண்ட மெதுவாப் படிச்சுக் காட்டச் சொல்லு.

அவர் உன் கையப் புடிக்கணும்னா உன்னக் கேக்கணும். நீயும் அவரக் கேக்கணும். நேத்து சரின்னு சொன்னாலும் இன்னைக்கு வேணாம்னு சொல்லலாம். போட்டோ கேட்டா, டிரஸ் இல்லாத போட்டோ, யாருக்கும் குடுக்காத. உடலுறவு வச்சுக்கிட்டா குழந்தை வரலாம், நோயும் வரலாம், அதத் தடுக்க வழி இருக்கு. அத லேடி டாக்டர்கிட்ட நேரா கேளு. அம்மா கூட வந்தா, "அம்மா கொஞ்சம் வெளிய இருங்க"ன்னு நீ சொல்லலாம். கல்யாணம் வேணும்னா அதையும் கேக்கலாம், சம்மதம் உன்னோடதா இருக்கணும்.

2009ல சண்டிகர்ல உன்ன மாதிரி ஒரு பொண்ணு இருந்தா. ஹோம்ல அவளுக்குக் கொடுமை நடந்து வயித்துல குழந்தை வந்துச்சு. கலைக்கச் சொன்னாங்க. அவ, "குழந்தை எனக்கு வேணும்"னு சொன்னா. சுப்ரீம் கோர்ட் அவ சொன்னதக் கேட்டுச்சு.

உங்க அம்மாவுக்கு பயம், அதான் திட்டுறாங்க. உங்க டீச்சரக் கூட்டிட்டுப் போய் அம்மாகிட்ட பேசச் சொல்லு. பேசும்போது நீயும் பக்கத்துல உக்காரு, எழுந்து போயிடாத.