மொழிப்பாடமும் மனவடுவும்: வாசகர் கேள்வி – பதில்

இம்மாதம் மனவடு பற்றி, அதாவது போரும் பேரிடரும் இழப்பும் மனத்தில் விட்டுச்செல்லும் காயம் பற்றி, வந்த கேள்விகளில் பெரும்பாலானவை இலங்கையில் மொழி கற்பிக்கும் ஆசிரியர்களுடையவை. மாணவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கி, கேட்டவர்களின் பெயர்களையும் தவிர்த்து அவற்றை வெளியிடுகிறோம். பதில் எழுதியிருப்பவர், ஆசிரியர் பயிற்சியில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற விரிவுரையாளர்.

கேள்வி: தரம் 8 மாணவர்களுக்குக் கடிதம் எழுதும் பயிற்சியாக, 'வெளியூரில் இருக்கும் தந்தைக்கு ஒரு கடிதம்' என்று கொடுத்தேன். ஒரு மாணவி, 'அப்பா ஒவ்வொரு நாளும் கடலுக்குப் போகிறார், எனக்கு நண்டு கொண்டு வருகிறார்' என்று எழுதியிருந்தாள். கடிதத்தின் அமைப்பும் தவறு, காலமும் பொருந்தவில்லை என்று சிவப்பு மையால் திருத்திக் கொடுத்தேன். அவளுடைய தந்தை சென்ற ஆண்டு கடலுக்குப் போய்த் திரும்பவில்லை என்பதும், உடலும் கிடைக்கவில்லை என்பதும் பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து அவள் எதுவும் எழுதுவதில்லை. நான் என்ன செய்ய வேண்டும்? (தமிழ் ஆசிரியை, முல்லைத்தீவு மாவட்டம்)

பதில்: முதலில் அந்தச் சிவப்புக் கோட்டைப் பற்றிப் பேசுவோம். காலவழுவைப் போலவே காலவழுவமைதியையும் நாம் கற்பிக்கிறோம். விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு ஆகிய காரணங்களால் ஒரு காலம் மற்றொரு காலமாக மயங்கி வருமானால் அது குற்றமாகாது என்று நன்னூல் சொல்கிறது. துயரத்தை நன்னூலை இயற்றிய பவணந்தியார் அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. நாம் சேர்த்துக்கொள்வதில் அவருக்கு மறுப்பு இருக்காது என்று நினைக்கிறேன். உடல் கிடைக்காத மரணத்தில் குடும்பமே இறந்தகாலத்துக்குள் நுழைய மறுக்கும். காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாரிடம் 'உங்கள் மகன் என்ன செய்துகொண்டிருந்தார்' என்று கேட்டவர்களுக்கு, 'படிக்கிறான்' என்று நிகழ்காலத்திலேயே விடை வருவதை நம் ஊரில் பலர் கேட்டிருப்பார்கள். அந்தச் சிறுமி எழுதியது வழு அன்று. அவள் வீட்டில் இப்போது வழங்கும் காலம் அதுதான்.

இனிச் செய்ய வேண்டியது. வகுப்பு முடிந்த பின், பிறர் காதில் விழாத, ஆனால் கதவு திறந்திருக்கும் ஓரிடத்தில் இரண்டு வாக்கியம் பேசுங்கள். 'உங்கள் அப்பாவைப் பற்றி எனக்குத் தெரியாமல் அந்தப் பயிற்சியைக் கொடுத்துவிட்டேன். நண்டு கொண்டு வருகிறார் என்று நீங்கள் எழுதியது நல்ல வாக்கியம், அதைத் திருத்தியிருக்கத் தேவையில்லை.' அவ்வளவு போதும். நீங்கள் அழுதுவிடக் கூடாது. நீங்கள் அழுதால் உங்களைத் தேற்றும் வேலையும் அவள் தலையில் விழும். அவள் பதில் சொல்லாமல் போனால் போகட்டும்.

அடுத்ததாகப் பயிற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். கடிதப் பாடத்தின் நோக்கம் விளிப்பு, உடல், முடிவு, முகவரி ஆகியவற்றைக் கற்பதுதான்; அதற்குத் தந்தை கட்டாயமில்லை. அதிபருக்கு, கிராம அலுவலருக்கு, வேறு பாடசாலைக்குப் போய்விட்ட தோழிக்கு என மூன்று தலைப்புகளைக் கொடுத்து ஒன்றைத் தெரிவு செய்யச் சொன்னால், எந்தப் பிள்ளையும் எதையும் விளக்காமல் தனக்கு ஆபத்தில்லாத தலைப்புக்கு நகர்ந்துவிடும். 'என் குடும்பம்', 'எனது வாழ்வில் மறக்க முடியாத நாள்' ஆகிய கட்டுரைகளுக்கும் இதையே செய்யலாம். கணித ஆசிரியர் ஒரு பிள்ளையின் வீட்டுக்குள் நுழையாமலே ஓர் ஆண்டைக் கடந்துவிடுவார். மொழி ஆசிரியர் முதல் வாரத்திலேயே 'உன்னைப் பற்றிச் சொல்' என்று கதவைத் தட்டுகிறார். ஆகையால் இவ்விடயத்தில் நமக்குப் பொறுப்பும் கூடுதல்.

கேள்வி: எங்கள் வலயத்தில் மொழி ஆசிரியர்கள் நாற்பது பேருக்கு இரண்டு நாள் செயலமர்வு ஒழுங்கு செய்கிறேன். முதல் நாள் உளவளத்துணையாளர் ஒருவர் மனவடு பற்றி விரிவுரையாற்றுவார். இரண்டாம் நாள் கற்பித்தல் முறைகள் பற்றிய பயிற்சி நடக்கும். மாணவர்களைத் தம் அனுபவங்களை எழுதவைத்து மனச்சுமையைக் குறைக்கும் உத்தியையும் சேர்க்க விரும்புகிறேன். தங்கள் கருத்து என்ன? (சேவைக்கால ஆலோசகர், மட்டக்களப்பு)

பதில்: இரண்டு நாள்களையும் பிரிக்காதீர்கள். இப்படிப் பிரித்து நடந்த அமர்வுகளில் நானும் பேசியிருக்கிறேன் என்பதால் அதன் விளைவு எனக்குத் தெரியும். முதல் நாள் முடிவில் ஆசிரியர்களிடம் ஒரு நோயின் பெயரும் அதன் அறிகுறிப் பட்டியலும் இருக்கும். இரண்டாம் நாள் முடிவில் வண்ணத் தாள்களும் குழுச் செயற்பாடுகளும் இருக்கும். திங்கட்கிழமை தரம் 6 வகுப்பில் ஒரு பிள்ளை வாசிக்க எழுந்து நின்று மௌனமாகும்போது இரண்டில் எதுவும் கைக்கு வராது.

நம்மிடம் இதற்கு வரலாறு உண்டு. யாழ்ப்பாணத்தில் 1990களில், மனநல மருத்துவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவிலேயே இருந்த காலத்தில், அவர்களில் ஒருவரான தயா சோமசுந்தரமும் அவருடன் பணியாற்றியவர்களும் ஆசிரியர்களையே ஆற்றுப்படுத்தலில், அதாவது உளவளத்துணையில், பயிற்றுவித்தனர். உங்கள் மட்டக்களப்பில் 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, போரால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்குக் களிமண், கதை, நாடகம், தோட்டம் ஆகியவற்றின் வழியே இடம் கொடுத்தது. 'என்ன நடந்தது, சொல்' என்ற கேள்வியிலிருந்து அது தொடங்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இனி உங்கள் எழுத்து உத்தி. எழுதினால் மனச்சுமை குறையும் என்பது வெறும் நம்பிக்கை அன்று. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1980களில் தொடங்கிய ஆய்வுகள் அதற்கு அடிப்படை. ஆனால் அவற்றில் எழுதியவர்கள் தாமாக முன்வந்த பல்கலைக்கழக மாணவர்கள். அவர்கள் நாளொன்றுக்குப் பதினைந்து நிமிடம் தனியாக எழுதினார்கள். எழுதியதை எவரும் திருத்தவில்லை, புள்ளி போடவில்லை, வகுப்பில் வாசிக்கவைக்கவில்லை. அதை நாற்பது பிள்ளைகள் நெருங்கி அமர்ந்த வகுப்பில், பக்கத்துப் பிள்ளை எட்டிப் பார்க்கும் கொப்பியில், தவணைக் கணிப்பீட்டுக்குரிய கட்டுரையாகச் செய்வது முற்றிலும் வேறொரு செயல். பேரிடர் நடந்த உடனே பாதிக்கப்பட்டவர்களை உட்காரவைத்து நடந்ததை விவரிக்கச் சொல்லும் ஒற்றை அமர்வு முறையும் ஒருகாலத்தில் பரவலாக இருந்தது. பின்னாளில் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது அது மனவடுவைத் தடுக்கவில்லை என்றும், சிலருக்குத் தீங்காகவும் முடிந்திருக்கலாம் என்றும் தெரிந்தது. இன்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் உளவியல் முதலுதவி, பேச வற்புறுத்தக் கூடாது என்பதையே அழுத்திச் சொல்கிறது.

நம் மண்ணிலேயே நடந்த ஓர் ஆய்வு இன்னும் எச்சரிக்கையாக இருக்கச் சொல்கிறது. ஒன்பது முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள 399 வட இலங்கைப் பிள்ளைகளிடம், ஐந்து வாரங்களில் பதினைந்து அமர்வுகள் கொண்ட வகுப்பறைத் திட்டமொன்றைச் சோதித்து அதன் முடிவுகளை 2012இல் வெளியிட்டார்கள். நடத்தைச் சிக்கல்கள் குறைந்தன. ஆனால் மனவடு அறிகுறிகளில் ஒட்டுமொத்தப் பயன் தென்படவில்லை. அது மட்டுமன்று, திட்டத்தில் பங்கேற்ற சிறுமியரின் அறிகுறிகள், பங்கேற்காமல் காத்திருப்புப் பட்டியலில் இருந்த சிறுமியரின் அறிகுறிகள் குறைந்த அளவுக்குக் குறையவில்லை. பயிற்சி பெற்றவர்கள் நன்கு திட்டமிட்டு நடத்திய பதினைந்து அமர்வுகளின் நிலையே இதுவென்றால், இரண்டு நாள் பயிற்சியோடு ஓர் ஆசிரியரை மனக்காயம் ஆற்றும் வேலைக்கு அனுப்புவது சரியாகாது.

அப்படியானால் என்ன செய்யலாம்? பங்கேற்பாளர்கள் தத்தம் பாடநூலைக் கொண்டு வரட்டும். அடுத்த தவணைக்குரிய பாடங்களைப் புரட்டி, எந்தப் பயிற்சி பிள்ளையின் வீட்டையோ இழப்பையோ தொடுகிறது என்று பென்சிலால் குறிக்கட்டும்; அதே கற்றற்பேற்றை (பாடத்தால் பிள்ளை பெற வேண்டிய திறனை) எட்டும் மாற்றுப் பயிற்சியை அருகில் எழுதட்டும். இதற்கு அரை நாள் வேண்டும், கொடுங்கள். பிறகு நுண்ணிலைக் கற்பித்தல்: ஒருவர் பாடம் நடத்த, மற்றவர்களில் ஒருவர் பேச மறுக்கும் பிள்ளையாகவும், ஒருவர் காரணமின்றிச் சீறும் பிள்ளையாகவும், ஒருவர் எதற்கும் 'ஓம் சேர்' என்று தலையாட்டும் பிள்ளையாகவும் இருக்கட்டும். மூன்றாமவரைத்தான் நாம் பெரும்பாலும் கவனிக்கத் தவறுகிறோம். வரிசையாக எழுப்பி வாசிக்கவைக்கும் பழக்கத்துக்குப் பதிலாக, முதலில் ஆசிரியர் வாசிப்பது, பிறகு எல்லோரும் சேர்ந்து, பிறகு இருவர் இருவராக, கடைசியில் விரும்புபவர் தனியாக என்ற படிமுறையை அவர்கள் செய்து பழகட்டும். பாடம் ஒவ்வொரு நாளும் ஒரே விதமாகத் தொடங்குவதும், அடுத்து என்ன வரும் என்று கரும்பலகையின் மூலையில் மூன்று வரி எழுதியிருப்பதும், பின்னாலிருந்து வந்து தோளைத் தொடாமல் இருப்பதும் சிறிய விடயங்களாகத் தோன்றலாம். அடுத்த கணம் என்ன நடக்குமோ என்று விழித்திருக்கும் பிள்ளைக்கு அவையே பாடத்தைக் கேட்கும் அமைதியைத் தருகின்றன. மற்றப் பிள்ளைகளுக்கும் அது நல்ல மொழிப்பாடமே.

உளவளத்துணையாளரை அழையுங்கள், ஆனால் விரிவுரைக்கு அன்று. மேற்கண்ட ஒத்திகைகளை அவர் பக்கத்தில் இருந்து பார்க்கட்டும். எந்தக் கட்டத்தில் பிள்ளையைத் தம்மிடம் அனுப்ப வேண்டும், அனுப்பினால் எத்தனை நாளில் பார்ப்பார் என்பதைச் சொல்லட்டும். ஒரு மாதம் கழித்து ஒவ்வொருவரின் வகுப்பிலும் ஒரு பாடவேளை நீங்கள் பின்வரிசையில் அமர முடியுமானால், செயலமர்வின் மதிய உணவுச் செலவைக் குறைத்தாவது போக்குவரத்துக்குப் பணம் ஒதுக்குங்கள்.

கேள்வி: மண்சரிவில் லயன் வீட்டை (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டை) இழந்து, உறவினர் வீட்டில் தங்கி எங்கள் பாடசாலைக்கு வந்திருக்கும் மாணவி ஆங்கிலப் பாடத்தில் வாயே திறப்பதில்லை. அது அதிர்ச்சியா, ஆங்கிலம் தெரியாததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (ஆங்கில ஆசிரியர், பதுளை மாவட்டம்)

பதில்: இடைவேளையில் அவளைக் கவனியுங்கள். தோழிகளோடு தமிழில் பேசிச் சிரிக்கிறாள் என்றால், புதிய மொழியைக் கற்கும் பலருக்கும் வரும் மௌனப் பருவமாக அது இருக்கலாம். கேட்டுக்கொண்டே இருப்பாள், பேச்சு பின்னால் வரும், அவசரப்படுத்த வேண்டாம். தமிழிலும் பேச்சு நின்றிருந்தால், உறக்கமும் உணவும் குலைந்திருப்பதாக வீட்டார் சொன்னால், ஒரு மாதம் கடந்தும் மாற்றம் இல்லையென்றால், அருகிலுள்ள அரச மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்புவதற்கு அதிபரோடும் பெரியவர்களோடும் பேசுங்கள்.

இரண்டு நிலைகளுக்கும் பொருந்தும் முறை ஒன்று உண்டு. ஆசிரியர் ஆங்கிலத்தில் கட்டளை சொல்ல, மாணவர்கள் எழுந்தும் நடந்தும் சுட்டிக்காட்டியும் பதிலளிக்கும் முறை அது. ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்கப் பேராசிரியர் உருவாக்கியது. வாய் திறக்காமலே அவள் சரியான விடை சொன்னவளாகிறாள்.

2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தது காலை வேளையில். பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் சிலர் திரும்பி வந்தபோது லயன் இருக்கவில்லை. அத்தகைய பிள்ளைக்கு வகுப்பறையில் அமர்ந்திருப்பதே வீட்டைப் பற்றிய அச்சமாக மாறலாம். தகரக் கூரையில் மழை இரைந்தால் வாசலருகே அமர அவளுக்கு அனுமதி கொடுங்கள்; வீட்டாரிடமிருந்து ஒரு தொலைபேசிச் செய்தி வரவழைக்க ஏற்பாடு இருந்தால் இன்னும் நல்லது. மழை, காற்று, வானிலை பற்றிய சொற்களைக் கற்பிக்கும் அலகைத் தவிர்க்க வேண்டியதில்லை. வெயில் அடிக்கும் நாளில் நடத்துங்கள்.

கேள்வி: தினக்குறிப்பு எழுதும் பயிற்சியில் ஒரு மாணவன், வீட்டில் தன்னை வயரால் அடிப்பதாக எழுதி, 'யாருக்கும் சொல்ல வேண்டாம்' என்று அடியில் கோடிட்டிருக்கிறான். (ஆசிரியை, வவுனியா)

பதில்: சொல்லாமல் இருக்க உங்களுக்கு உரிமை இல்லை. ஆனால் அவனுக்குத் தெரியாமல் சொல்லாதீர்கள். யாரிடம், எதற்காகச் சொல்லப் போகிறீர்கள் என்பதை முதலில் அவனிடம் கூறி, அன்றே அதிபருக்கும் பாடசாலைச் சிறுவர் பாதுகாப்புக் குழுவுக்கும் தெரிவியுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கம் எல்லா நேரமும் இயங்குகிறது. தினக்குறிப்புப் பயிற்சி தொடங்கும் முதல் நாளே, 'உங்களுக்கு ஆபத்து என்று தெரிந்தால் நான் இரகசியம் காக்க மாட்டேன்' என்று வகுப்புக்கு அறிவித்துவிடுவது வழக்கமாக வேண்டும்.

வடகிழக்குத் தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகள் 296 பேரிடம் நடத்தி 2008இல் வெளியான ஆய்வொன்று, போரும் ஆழிப்பேரலையும் தந்த வடுவோடு வீட்டு வன்முறையும் சேர்ந்து பிள்ளைகளின் மனநிலையைத் தீர்மானிப்பதைக் காட்டியது. பாடசாலைப் பிரம்பையும் இங்கேயே குறிப்பிட வேண்டும். உடல் தண்டனையைத் தடைசெய்யும் கல்வி அமைச்சின் சுற்றறிக்கை 2005ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. எழுத்துப் பிழைக்கு அடிக்கும் ஒருவரிடம் எந்தப் பிள்ளையும் வீட்டு அடியைப் பற்றி எழுதாது. அவன் உங்களிடம் எழுதியிருக்கிறான் என்பதை நினைவில் வையுங்கள்.

கேள்வி: 2009இல் எனக்கு எட்டு வயது. போரில் இடம்பெயர்ந்தவர்களைத் தங்கவைத்த மெனிக் பாம் முகாமில் கூடாரத்துக்குள் படித்தேன். இன்று கட்டுறுப் பயிற்சியில் (ஆசிரியப் பயிலுநர் பாடசாலையில் கற்பித்துப் பழகும் கட்டத்தில்) தமிழ் கற்பிக்கிறேன். இடப்பெயர்வு பற்றிய கவிதையொன்றை வாசிக்கும்போது குரல் அடைத்து, பாடத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. நான் ஆசிரியத் தொழிலுக்குப் பொருத்தமானவன்தானா? (ஆசிரியப் பயிலுநர், வடமாகாணம்)

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். நாங்கள் பயிற்சித் திட்டங்கள் தீட்டும்போது, பாதிக்கப்பட்டவர் எப்போதும் மாணவர் இருக்கையில்தான் இருப்பார், கரும்பலகைக்கு முன் நிற்பவர் நலமாக இருப்பார் என்றே கருதிவந்தோம். 2012இல் மூடப்பட்ட அந்த முகாமின் பிள்ளைகள் இன்று ஆசிரியர்களாக வந்துவிட்டீர்கள். இதை நாங்கள் முன்பே எதிர்பார்த்திருக்க வேண்டும், பிழை எங்களுடையது.

குரல் அடைத்தது பொருத்தமின்மைக்குச் சான்று அன்று. ஆனால் உங்கள் மாணவர்கள் போருக்குப் பின் பிறந்தவர்கள். வீட்டில் எவரும் பேசாத ஒன்றை முதன்முதலாக உங்கள் முகத்தில்தான் பார்த்திருப்பார்கள். விளக்கமில்லாமல் விட்டால் தாங்கள் ஏதோ தவறு செய்துவிட்டதாக எண்ணுவார்கள். ஆகவே அடுத்த பாடத்தின் தொடக்கத்தில், 'அந்தக் கவிதையில் வருவதைப் போன்ற ஓர் இடத்தில் நானும் சிறுவயதில் இருந்தேன், அதனால் அன்று குரல் தடைப்பட்டது, இப்போது நலமாக இருக்கிறேன்' என்று மட்டும் சொல்லுங்கள். கூடுதலாகக் கேட்டால், 'இன்றைக்கு இது போதும்' என்று பாடத்துக்குத் திரும்புங்கள்.

இனி அத்தகைய பாடம் வருமுன், அதைத் தனியறையில் உரக்க இரண்டு மூன்று தடவை வாசித்து, எந்த அடியில் தொண்டை இறுகுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த அடியை மாணவர்கள் சேர்ந்து வாசிக்கும் பகுதியாக்கிவிடலாம். அல்லது மௌன வாசிப்புக்குக் கொடுத்துவிட்டு நீங்கள் சாளரத்தருகே போய் நிற்கலாம். உறக்கத்தில் பழைய காட்சிகள் திரும்பத் திரும்ப வந்தாலோ, பாடசாலைக்குப் போகவே மனம் மறுத்தாலோ, 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை அழையுங்கள். அடுத்த கற்பித்தல் அவதானிப்புக்கு வரும் விரிவுரையாளரிடம் இதைப் பாடத்துக்கு முன்பே சொல்லிவையுங்கள். அவரிடம் எப்படிச் சொல்வது என்று உங்களுக்குத் தயக்கமாக இருந்தால், இந்தப் பக்கத்தை மடித்து அவர் கையில் கொடுங்கள்.