சிக்கிள் செல் குழந்தைக்குத் தலையில் ஏன் ஸ்கேன்?

"பையன் நன்றாகத்தானே ஓடியாடுகிறான், எதற்கு வருஷாவருஷம் தலையில் டாப்ளர்?" என்று கேட்டிருக்கிறீர்கள். டாப்ளர் என்பது ரத்தம் ஓடும் வேகத்தை ஒலி அலையால் அளக்கும் ஸ்கேன்; பக்கவாதம் வரும் முன்பே ஆபத்தைக் கண்டுபிடிக்கத்தான் அது. சிக்கிள் செல் நோயில் (ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் வடிவமாக மாறும் பரம்பரை நோய்) மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் உள்ளே சுருங்கலாம், ஹோஸ் பைப் வாயை விரலால் அழுத்தினால் தண்ணீர் சீறுமே, அதுபோல அங்கே ரத்தம் வேகமெடுக்கும். எலும்பு மெலிந்த நெற்றிப்பொட்டில் ஜெல் தடவிக் கருவியை வைத்து அந்த வேகத்தை அளக்கிறார்கள்; ஊசி, கதிர்வீச்சு எதுவும் இல்லை. ஆனால் பையன் தூங்கக் கூடாது, அழவும் கூடாது, அளவு மாறிவிடும் (கார்ட்டூன் போட்டுவிடுங்கள்!). சராசரி வேகம் நொடிக்கு 200 செ.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் பக்கவாத ஆபத்து அதிகம், அப்போது வழக்கமாகத் தொடர்ந்து ரத்தம் ஏற்றுவார்கள். 1998இல் வெளியான அமெரிக்க ஆய்வில், அப்படி ஏற்றியதால் முதல் பக்கவாதம் சுமார் 90% குறைந்தது. அப்புறம், சத்தமில்லாமல் ஏற்கெனவே நடந்துபோன சின்னச் சேதம் டாப்ளரில் தெரியாது, அதற்கு எம்ஆர்ஐதான்.