வேறு நாட்டுக்காக கிரிக்கெட் ஆடப் போகிறேன் என்கிற மகன்

வணக்கம் சார். உங்கள் மகன், நம்ம தம்பி, இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு, லீக்கில் இடக்கை வேகப்பந்து, மாநில அணித் தேர்வில் இரண்டு முறையும் பெயர் வரவில்லை. "அமெரிக்காவோ நியூசிலாந்தோ போய் அந்த நாட்டுக்கு ஆடுகிறேன்" என்று பிடிவாதம் பிடிக்கிறான் என எழுதியிருந்தீர்கள். பைத்தியக்காரப் பேச்சு என்று ஒதுக்க வேண்டாம். நடக்கக்கூடியதுதான். ஆனால் சாதித்தவர்களுக்கு அது எந்த வரிசையில் நடந்தது என்பதை அவன் கவனிக்கவில்லை என்று தோன்றுகிறது.

அவன் சொல்லும் உதாரணம் சவுரப் நேத்ராவல்கராகத்தான் இருக்கும். இவனைப் போலவே இடக்கை வேகப்பந்து, கம்ப்யூட்டர் இன்ஜினியரிங். 2010-இல் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் கே.எல். ராகுலோடு சேர்ந்து இந்தியாவுக்கு ஆடியவர். மும்பை ரஞ்சி அணியில் நிலையான இடம் கிடைக்காமல், 2015-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். படிக்க அமெரிக்கா போனார். படிப்பு, அப்புறம் ஆரக்கிளில் வேலை, அதற்கு நடுவே வார இறுதி கிரிக்கெட். 2024 ஜூன் 6 அன்று டல்லாஸ் பக்கத்தில் நடந்த டி20 உலகக் கோப்பை ஆட்டத்தில் அமெரிக்க அணிக்காக, பாகிஸ்தானுக்கு எதிராக, சமனில் முடிந்த ஆட்டத்தைத் தீர்மானிக்கும் சூப்பர் ஓவரை வீசி, 19 தேவைப்பட்ட இடத்தில் 13 மட்டும் கொடுத்தார். அடுத்த ஆட்டத்தில் கோலியை முதல் பந்திலேயே வெளியேற்றினார். அந்த நாட்களிலும் லேப்டாப்பைக் கையோடு கொண்டுபோய், ஆட்டம் முடிந்தபின் ஹோட்டல் அறையில் உட்கார்ந்து அலுவலக வேலை பார்த்தார் என்று அவருடைய வீட்டாரே சொன்னார்கள். தம்பி சூப்பர் ஓவரைப் பார்க்கிறான். நான் அந்த லேப்டாப்பைப் பார்க்கச் சொல்வேன்.

நியூசிலாந்து என்றால் டெவன் கான்வே. தென்னாப்பிரிக்காவில் வீட்டையும் காரையும் விற்றுவிட்டு 2017-இல் வெலிங்டன் போனார். 2020 கடைசியில் தேசிய அணி, 2021 ஜூனில் லார்ட்ஸில் முதல் டெஸ்டிலேயே 200. கேட்கவே நன்றாக இருக்கிறது. ஆனால் அவர் போகும்போதே பல வருடம் முதல்தர கிரிக்கெட் ஆடித் தேறியவர். டிவிஷன் லீக் ஆடும் பையன் அந்த வழியில் போக முடியாது. வேலூரில் பிறந்த ஆதித்யா அசோக் நியூசிலாந்துக்கு ஆடுகிறாரே என்றால், அவர் சின்ன வயதிலேயே குடும்பத்தோடு போய் ஆக்லாந்தில் வளர்ந்தவர். அது வேறு கதை.

சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலின் (ஐசிசி) விதி என்னவோ எளிதுதான். அந்த நாட்டில் பிறந்திருக்க வேண்டும், அல்லது குடியுரிமை, அல்லது தொடர்ந்து 3 ஆண்டு வசிப்பு. சிக்கல் அந்த 3 ஆண்டில்தான். எந்த விசாவில், எந்த வருமானத்தில் அங்கே இருப்பது? அமெரிக்க மாணவர் விசாவில் படிப்பு நடக்கும்போது வளாகத்துக்குள் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். லீக்கில் காசு வாங்கி ஆடினால் விசாவுக்கே ஆபத்து. இங்கிலாந்து மாணவர் விசா இன்னும் கறார். தொழில்முறை ஆட்டக்காரராகவோ பயிற்சியாளராகவோ இருக்கவே கூடாது. "கிளப்பில் சேர்த்துவிடுகிறோம், 3 வருஷத்தில் நேஷனல் டீம்" என்று யாராவது பணம் கேட்டால், விசா தாளில் என்ன நிபந்தனை போட்டிருக்கிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அதோடு நின்றுவிடும்.

உன்முக்த் சந்தையும் தம்பிக்குச் சொல்லுங்கள். 2012 ஜூனியர் உலகக் கோப்பையை வென்ற கேப்டன், இறுதிப் போட்டியில் ஆட்டமிழக்காமல் 111. 2021-இல் இந்திய கிரிக்கெட்டிலிருந்து ஓய்வு அறிவித்து அமெரிக்கா போனார், வசிப்புக் காலத்தையும் முடித்தார். 2024 உலகக் கோப்பை அணியில் பெயர் இல்லை. ஓய்வு அறிவிக்காத ஆண் வீரரை வெளிநாட்டு டி20 லீக்குகளில் ஆட நம் வாரியம் விடுவதில்லை என்பதால், போனால் திரும்புவதும் லேசல்ல. வாரியங்களின் நிலைமையும் மாறும்: அமெரிக்க வாரியத்தின் உறுப்புரிமையை 2025 செப்டம்பரில் ஐசிசி இடைநிறுத்தியது. இன்னொரு பக்கம், 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் கிரிக்கெட் உண்டு என்பதால் அங்கே ஆர்வமும் பணமும் கூடிவருகின்றன.

என் கருத்து இதுதான்: கிரிக்கெட் இல்லாவிட்டாலும் எந்த நாட்டில் படித்து வேலை பார்த்து இருக்க அவனுக்குச் சம்மதமோ, அந்த நாட்டைத் தேர்ந்தெடுக்கட்டும். அமெரிக்கா என்றால் டல்லாஸ், நியூஜெர்சி, சான் ஃபிரான்சிஸ்கோ வட்டாரம் போல லீக்குகள் நிறைய நடக்கும் ஊர்களில் உள்ள கல்லூரிகளை முதலில் பார்க்கலாம். அதற்கு இன்னும் இரண்டு வருடம் கையில் இருக்கிறது. அதுவரை லீக்கை விடவே வேண்டாம், அரியரும் வைக்க வேண்டாம். கடன் வாங்குவதாக இருந்தால், கிரிக்கெட் வருமானத்தைச் சுத்தமாக விட்டுவிட்டு, படிப்புக்கேற்ற சம்பளத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போடுங்கள்.

அடுத்த முறை அவனையும் அழைத்து வாருங்கள், சார். செமஸ்டர் மதிப்பெண் பட்டியலும் இந்த சீசன் பந்துவீச்சுக் கணக்கும் கையில் இருக்கட்டும். இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் கல்லூரிப் பட்டியல் போட முடியும்.