முதியோரும் பேசும் கருவிகளும்: கேள்வி பதில்

தொலைபேசித் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற பிறகு, எங்கள் பகுதிப் பெரியவர்களுக்குக் கைப்பேசியுடனும் ஸ்பீக்கருடனும் பேசக் கற்றுக்கொடுத்து வருகிறேன். வந்துள்ள கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்கு மட்டும் விடை எழுதுகிறேன்.

கேள்வி (தஞ்சாவூர்): எழுபத்தாறு வயதான என் தாயாருக்கு, சொன்னதைக் கேட்டு விடை சொல்லும் அமேசானின் அலெக்சா ஸ்பீக்கர் வாங்கி வைத்தோம். ஐந்து நாள் ஆர்வமாகப் பேசினார். இப்போது துணியைப் போட்டு மூடிவிட்டார். "கூப்பிட்டால் ஏனென்று கேட்பதில்லை" என்கிறார்.

பதில்: குறையை உங்கள் தாயாரே சரியாகச் சொல்லிவிட்டார். நம் வீடுகளில் ஒருவரைப் பெயர் சொல்லி அழைத்தால், "என்ன?" என்றோ "ம்" என்றோ மறுகுரல் வரும்வரை காத்திருந்து, பிறகுதான் செய்தியைச் சொல்வோம். அந்தக் கருவியோ பெயரைக் கேட்டதும் வாய் திறக்காமல் நீல விளக்கை மட்டும் எரியவிடுகிறது; சில நொடிகளுக்குள் பேச்சு வரவில்லையென்றால் அதையும் அணைத்துவிடுகிறது. பார்வை மங்கியவருக்கு விளக்கு எரிந்ததும் தெரியாது, அணைந்ததும் தெரியாது. கைப்பேசியிலுள்ள அலெக்சா செயலியின் அமைப்புகளில், ஒலிகள் என்ற பகுதியில், கருவி கேட்கத் தொடங்கும்போது ஓர் ஒலி எழுப்பும் வசதி இருக்கிறது. அதை இயக்கி வையுங்கள். அந்தச் சிறு ஒலியே அவருக்கு "ம்" ஆகிவிடும்.

அடுத்தது, இடைநிறுத்தம். பேச்சு சற்று நின்றாலே முடிந்துவிட்டதாகக் கருவி எடுத்துக்கொள்கிறது. "நாளைக்கு... அந்த... பால்காரருக்கு..." என்று யோசித்துப் பேசுகிறவரின் வாக்கியம் பாதியிலேயே அறுபடும். சொல்ல வேண்டியதை முழுதாக மனத்தில் கட்டிக்கொண்டு பிறகு பெயரைச் சொல்லி அழைக்கும்படி பழக்குங்கள். என் அனுபவத்தில் ஒரு வாரத்தில் பிடிபட்டுவிடுகிறது.

இன்னொன்றையும் கேட்கிறேன். அலெக்சாவுடன் இந்தியாவில் முதலில் ஆங்கிலத்திலும், 2019 முதல் இந்தியிலும் பேசலாம். தமிழில் உரையாடும் வசதி நான் அறிந்தவரை இல்லை. உங்கள் தாயார் ஐந்து நாள் எந்த மொழியில் பேசினார்? தமிழில்தான் என்றால், கூகுளின் தமிழ் வசதியுள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசியில் தொடங்கியிருக்க வேண்டும். அதிலும் முதல் இரண்டு வாரம் ஒரே ஒரு வேலைதான்: பிள்ளைகளை அழைப்பது. பாட்டு, வானிலை, பஞ்சாங்கம் எல்லாம் பிறகு. அழைப்பதற்கு முன், தொடர்புப் பட்டியலில் உங்கள் பெயர் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். அம்மா "பெரியவனைக் கூப்பிடு" என்பார். பட்டியலில் "செந்தில் யுஎஸ் நியூ" என்று இருக்கும். "பெரியவன்" என்றே தமிழில் மாற்றிவிடுங்கள்.

கேள்வி (சேலம்): எந்தக் கருவியை வாங்கலாம்?

பதில்: விலையும் சலுகையும் என் துறை அல்ல. கையில் இருக்கும் கைப்பேசியிலேயே தொடங்குங்கள்.

கேள்வி (மதுரை): தந்தைக்குக் காது மந்தம். சத்தத்தை முழுதாகக் கூட்டினாலும் "கேட்கிறது, புரியவில்லை" என்கிறார்.

பதில்: முதுமையில் வரும் செவிக்குறைவு பெரும்பாலும் உயர்ந்த அதிர்வெண்களில் தொடங்குகிறது. உயிரொலிகள் தாழ்ந்த அதிர்வெண்ணில் உரத்து ஒலிப்பவை. அவை காதில் விழுந்துவிடும். ச, ஸ, த, ப போன்ற மெலிந்த மெய்யொலிகள்தாம் தப்பிவிடுகின்றன. சொல்லைச் சொல்லிலிருந்து பிரித்துக் காட்டுபவை அவையே என்பதால், பேச்சு நடப்பது தெரிந்தும் பொருள் பிடிபடுவதில்லை. சத்தத்தைக் கூட்டினால் இரைச்சலும் சேர்ந்தே கூடும். கருவி பேசும் வேகத்தைக் குறையுங்கள். ஆண்ட்ராய்டில் எழுத்தைப் பேச்சாக மாற்றும் அமைப்பில் வேகத்துக்கும் குரலின் உயரத்துக்கும் தனித்தனி அளவுகள் உண்டு. தாழ்ந்த குரல் கிடைத்தால் அதைத் தெரிவுசெய்யுங்கள். மின்விசிறிக்கு நேர்கீழே கருவியை வைக்காதீர்கள். செவித்திறன் சோதனையையும் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி (ஈரோடு): சர்க்கரை மாத்திரையின் அளவை இதனிடம் கேட்டுச் சரிபார்க்கலாமா?

பதில்: கூடாது. தவறான விடையையும் அது அதே தெளிவான குரலில்தான் சொல்லும். மாத்திரை போடும் நேரத்தை நினைவூட்டச் சொல்லலாம். அளவை மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி (யாழ்ப்பாணம்): அம்மா "விடியக்காலமை" என்றால் கைப்பேசி வேறெதையோ எழுதுகிறது. எங்கள் பேச்சு அதற்கு விளங்காதா?

பதில்: கூகுளின் குரல்வழித் தட்டச்சில் 2017 முதல் தமிழ் இருக்கிறது. மொழிப் பட்டியலில் இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா என நான்கு தமிழ்கள் தனித்தனியாக உள்ளன. உங்கள் கைப்பேசியில் இந்தியத் தமிழ் இருந்தால் இலங்கைக்கு மாற்றிப் பாருங்கள். அப்படியும் பிடிபடாத சொற்கள் இருக்கும். அவற்றுக்கு மட்டும் மாற்றுச் சொல்லைப் பழக்குங்கள். முழுப் பேச்சையும் மாற்றச் சொல்லாதீர்கள்.

கேள்வி (கும்பகோணம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்): ஏன் மாற்றச் சொல்லக் கூடாது? எழுத்துத் தமிழில் பேசப் பழகினால் கருவிக்கும் விளங்கும், மொழியும் துலங்கும்.

பதில்: ஐயா, மேடையில் அது சரி. சமையற்கட்டில் நின்று "நாளை காலை ஆறு மணிக்கு என்னை எழுப்புவாயாக" என்று எந்தப் பாட்டியும் சொல்ல மாட்டார்; சொல்ல வைத்தால் வெட்கப்பட்டு, பேசுவதையே நிறுத்திவிடுவார். தலைசுற்றும் நேரத்தில் வாயில் வருவது வீட்டுப் பேச்சுதான். கருவிதான் அதற்குப் பழக வேண்டும்.

கேள்வி (திருநெல்வேலி): ஆசிரியர் பக்கம் நான். என் மாமியார் வானொலிச் செய்தி வாசிப்பவரைப் போல நிறுத்தி நிறுத்திப் பேசுகிறார். தவறே வருவதில்லை. அவருக்கு அதில் பெருமையும்கூட.

பதில்: உங்கள் மாமியாருக்கு என் வணக்கம். விரும்பி அப்படிப் பேசுகிறவரை நான் தடுக்கவில்லை. நேரம் சொல்வதில் மட்டும் நானே ஆசிரியர் பக்கம் சாய்கிறேன்: "ஏழரை" என்பதைவிட "ஏழு முப்பது" என்பதும், அதனுடன் காலையா இரவா என்பதைச் சேர்ப்பதும் பிழையைக் குறைக்கின்றன.

கேள்வி (கும்பகோணம், அதே ஆசிரியர்): கருவி எழுத்துத் தமிழில்தானே விடை சொல்கிறது? எதிரில் இருப்பவர் பேசும் நடையில் நாமும் பேசுவது இயல்பல்லவா?

பதில்: இதை ஒப்புக்கொள்கிறேன், நான் கருதாமல் விட்ட கோணம் இது. வங்கி மேலாளர் இலக்கணமாகப் பேசினால் நம் பேச்சும் சற்று நிமிர்ந்துவிடுகிறது. ஆனால் அதே காரணத்தால்தான் கருவியின் நடை மாற வேண்டும் என்கிறேன். கூகுளின் குரல்வழி உரையாடல் வசதியான ஜெமினி லைவுக்கு 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட தமிழில், பேச்சு நடையில் விடை சொல்லும்படி கேட்டால் ஓரளவு இறங்கி வருகிறது. அது இறங்கி வரும்வரை பாட்டிமார் மேலேறிக் காத்திருக்க வேண்டாம்.

கேள்வி (கோயம்புத்தூர்): எந்தக் கருவி சிறந்தது?

பதில்: சேலத்துக்காரருக்குச் சொன்னதுதான்.

கேள்வி (திருச்சி): அப்பா கருவிக்கு "நன்றிம்மா" என்கிறார். பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அது இயந்திரம் என்று விளக்க வேண்டுமா?

பதில்: அவருக்குத் தெரியும். 1966இல் கணினி அறிஞர் ஜோசப் வைசன்பாம் எலிசா என்ற உரையாடும் நிரலை வெளியிட்டார். அது வெறும் நிரல் என்று நன்கறிந்த அவருடைய செயலாளரே, அதனுடன் சற்று நேரம் உரையாடியதும், வைசன்பாமை அறையைவிட்டு வெளியே போகச் சொன்னாராம். அப்பா நன்றி சொல்வது அவர் வளர்ந்த முறை. நாள் முழுதும் அதனோடு மட்டுமே பேசுகிறாரா என்பதைக் கவனியுங்கள். அப்படியென்றால் அன்று மாலை நீங்கள் போய் உட்காருங்கள்.

கேள்வி (சென்னை): எப்போதும் ஒட்டுக்கேட்குமா?

பதில்: அழைப்புச் சொல்லுக்காக எப்போதும் காத்திருக்கும், அந்தச் சொல்லைக் கருவியே கண்டறிந்த பிறகுதான் பேச்சை வெளியே அனுப்பும். சில நேரம் தவறாகவும் விழித்துக்கொள்ளும். ஒலிவாங்கியை அணைக்கும் பொத்தானைப் பெரியவருக்கே காட்டிக்கொடுங்கள். வெளிநாட்டுப் பிள்ளைகள் சொல்லாமல் கொள்ளாமல் கருவி வழியே வீட்டுக்குள் பேசிப் பார்க்கும் வசதியைப் பெரியவரின் இசைவில்லாமல் இயக்காதீர்கள்.

கேள்வி (வேலூர்): விழுந்துவிட்டால் 108ஐ அழைக்குமா?

பதில்: ஸ்பீக்கரை நம்பாதீர்கள், அவசர எண்களை அழைக்க அலெக்சாவால் இயலாது. கைப்பேசி இடுப்பிலோ கழுத்திலோ இருக்கட்டும்.

கேள்வி (கடலூர்): இரத்த அழுத்த மாத்திரையை இரண்டாகப் போடலாமா என்று அத்தை கருவியிடம் கேட்டிருக்கிறார். அது சொன்ன விடை சரியா?

பதில்: விடையைப் படிக்கவே மாட்டேன். ஈரோட்டுக்காரருக்குச் சொன்னதை அத்தைக்கு வாசித்துக்காட்டிவிட்டு மருத்துவரை அழையுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர், முதலில் கேட்டவர்): ஒலியை இயக்கினேன். அம்மா ஆங்கிலத்தில் இரண்டே சொல்லில் பாட்டுக் கேட்கிறார். ஆனால் துணியை எடுக்க மறுக்கிறார், துணியோடேயே பேசுகிறார்.

பதில்: மெல்லிய துணியென்றால் இருக்கட்டும். கனத்த துண்டாக இருந்தால் மட்டும், மேற்புறத்து ஒலிவாங்கித் துளைகள் மூடாதபடி பழைய மல்லுத் துணியாக மாற்றிக்கொடுங்கள்.