பத்திரத்தை வீட்டிலேயே வையுங்கள்

போன மாதம் தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு குடும்பம் என்னைப் பார்க்க வந்தது. அப்பா, அம்மா, பிளஸ் ஒன் படிக்கும் மகள், கூடவே அப்பாவின் அண்ணன். பழைய வண்ணாரப்பேட்டையில் என் வீட்டு முன்னறைதான் மேற்படிப்பு ஆலோசனை அறை. நான்கு பேர் வந்தால் ஒருவர் வாசற்படியில்தான் உட்கார வேண்டும். படியில் உட்கார்ந்தது அந்தப் பெண். தோளில் மாட்டியிருந்த டென்னிஸ் பேட் பையைக் கழற்றவே இல்லை.

அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். மடியில் ஒரு பிளாஸ்டிக் கவர். உள்ளே மீஞ்சூர் பக்கம் வாங்கிப்போட்ட அரை கிரவுண்டு மனையின் பத்திரம். "இத்த வித்தா பதினெட்டு லட்சம் வரும் டீச்சர். எதுல போடறதுன்னு நீங்கதான் சொல்லணும்" என்றார். ஆலோசனைக்கு வருகிறவர்கள் மார்க் ஷீட்டோடு வருவார்கள். பத்திரத்தோடு வந்தவர் இவர்தான்.

திட்டம் இரண்டு இருந்தது. பெரியப்பாவின் திட்டம், பிளஸ் டூ முடிந்ததும் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ். பேட்டை இன்றைக்கே பரணில் போட்டுவிட வேண்டும். பயிற்சியாளரின் திட்டம், பள்ளியை இப்போதே விட்டுவிட்டு வெளிநாட்டு அகாடமி ஒன்றில் இரண்டு வருடம். பரீட்சையை எப்போது வேண்டுமானாலும் தனியாக எழுதிக்கொள்ளலாமாம். இரண்டுக்கும் விலை அந்த அரை கிரவுண்டு.

"பயப்படாதீங்க, நல்லா வருவா" என்று வழக்கம்போல ஆரம்பித்தேன். பெரியப்பா குறுக்கே வந்தார். "டென்னிஸ் எல்லாம் நம்ம ஏரியாவுக்கு எதுக்கும்மா? கேரம்னா செலவாச்சும் கிடையாது." கேரத்தை அவர் இளப்பமாகச் சொன்னதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக்கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா இதே வடசென்னையில் ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மகள். அதை அவருக்கு நினைவுபடுத்திவிட்டு, ஆறுதல் சொல்வதை அத்தோடு நிறுத்தினேன்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் கெட்ட படிப்பு இல்லை. விரும்பிப் படிக்கிறவளுக்கு, கவுன்சலிங்கில் வரும் கட்டணத்தில், நல்ல படிப்புதான். ஆனால் இருக்கிற ஒரே மனையை விற்று வாங்கும் அளவுக்கு எந்த இளநிலைப் படிப்பும் உசத்தி கிடையாது. "கல்யாணத்துல நாலு பேர் கேட்டா இன்னா சொல்றது?" என்றார் பெரியப்பா. அந்த நாலு பேரில் யாராவது ஃபீஸ் கட்டுகிறார்களா என்று கேட்டேன். அம்மா சிரித்துவிட்டார்.

அகாடமித் திட்டத்துக்கும் நான் எதிரிதான். இதற்கு ஆதாரமாகப் பயிற்சியாளர் பிரிட்டன் வீராங்கனை எம்மா ராடுகானுவைக் காட்டியிருக்கிறார். 2021இல், 18 வயதில், தகுதிச் சுற்றிலிருந்து வந்து, பத்து ஆட்டத்திலும் ஒரு செட்கூட விடாமல் அமெரிக்க ஓப்பனை வென்றவர். சரி. ஆனால் அதே ஆண்டில் அவர் பள்ளி இறுதித் தேர்வான ஏ லெவலையும் முடித்தார், கணக்கில் மிக உயர்ந்த கிரேடோடு. அந்தப் பாதியைப் பயிற்சியாளர் சொல்லவில்லை.

பணக் கணக்கையும் யாரும் சொல்லவில்லை. பெண்கள் டென்னிஸின் அடிப்படியில் இருப்பவை சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பான ஐடிஎஃப் நடத்தும் 15,000 டாலர் போட்டிகள். அது வாரம் முழுக்க எல்லோருக்கும் சேர்த்த தொகை. முதல் சுற்றில் தோற்றால் கைக்கு வருவது இருநூறு டாலரைத் தொடாது. விமானம், அறை, சாப்பாடு எல்லாம் நம் செலவு. அதோடு, 18 வயது ஆகும்வரை ஒரு பெண் ஆண்டுக்கு எத்தனை தொழில்முறைப் போட்டி ஆடலாம் என்று வயதுவாரியாக வரம்பே உண்டு. பதினாறு வயதில் மனையை விற்று ஓடினாலும் ஓட விடமாட்டார்கள்.

அப்போதுதான் படியிலிருந்து முதல்முறையாகக் குரல் வந்தது. "டீச்சர், இங்க ஜெயிச்சாங்களே ஜானிஸ் அக்கா, அவங்க காலேஜ் முடிச்சிட்டுத்தான் வந்தாங்க."

நுங்கம்பாக்கத்தில் நடந்த சென்னை ஓப்பனைச் சொல்கிறாள். 2022இல் அங்கே பட்டம் வென்றவர் செக் நாட்டின் லிண்டா ஃப்ருவிர்தோவா. வயது 17. எல்லோரும் அந்த வயதைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். அடுத்த ஆண்டே உலகத் தரவரிசையில் முதல் ஐம்பதுக்குள் போனவர், 2024இல் முதல் நூறுக்கு வெளியே இறங்கிவிட்டார் என்பதை யாரும் பேசுவதில்லை. அது அவர் குற்றமில்லை. அந்த வயதில் ஏற்றமும் இறக்கமும் அப்படித்தான் வரும். ஏறினாலும் இறங்கினாலும் தாங்குகிற பண வசதி பின்னால் இருக்கிறதா என்பதுதான் நம்மைப் போன்றவர்களுக்குக் கேள்வி.

2025 நவம்பரில் அதே மைதானத்தில் வென்றவர் இந்தோனேசியாவின் ஜானிஸ் ஜென். வயது 23. அமெரிக்காவில் முதலில் ஒரேகான், பிறகு பெப்பர்டைன் பல்கலைக்கழக அணிகளில் ஆடி, 2024இல் பட்டம் வாங்கிவிட்டுத்தான் முழுநேர ஆட்டத்துக்கு வந்தார். 2025 தொடங்கும்போது தரவரிசையில் நானூறுக்கும் கீழே. சின்னச் சின்ன ஐடிஎஃப் பட்டங்களை அடுக்கிக்கொண்டே வந்து, ஆகஸ்டில் 149ஆம் இடத்திலிருந்து அமெரிக்க ஓப்பன் தகுதிச் சுற்றைத் தாண்டி, முதல் சுற்றில் 24ஆம் நிலை வீராங்கனை குடெர்மெட்டோவாவை வீழ்த்தினார். அடுத்த சுற்றில் தோற்றது யாரிடம் தெரியுமா, ராடுகானுவிடம். சென்னைப் பட்டத்துக்குப் பின் முதல் அறுபதுக்குள் வந்துவிட்டார். இங்கே இரட்டையரிலும் வென்றார். அதில் ஜோடி சேர்ந்த ஆல்டிலா சுத்ஜியாடியும் கென்டக்கி பல்கலைக்கழக அணியில் ஆடியவர்.

இது புது வழியும் இல்லை. சென்னையில் ஆடி வளர்ந்த சோம்தேவ் தேவ்வர்மன் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக 2007, 2008 என்று இரண்டு முறை தேசியக் கல்லூரிப் பட்டம் வென்றுவிட்டு, 2009இல் இதே நுங்கம்பாக்கத்தில் இறுதி ஆட்டம் வரை வந்தார். ஹைதராபாத்தின் சஹஜா யமலபள்ளி டெக்சாஸில் கல்லூரி அணியில் ஆடியவர். இருந்தும், என்னிடம் வருகிற பெற்றோரில் ஒருவர்கூட இந்த அமெரிக்கக் கல்லூரி வழியைப் பற்றிக் கேட்டதில்லை. விளையாட்டு ஒதுக்கீடு, உடற்கல்விப் படிப்பு, ரயில்வே வேலை என்றால் பெரம்பூர் டீக்கடையிலேயே விவரம் சொல்லிவிடுவார்கள், அதற்கு நான் வேண்டாம். இதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டை நடத்தும் பெரிய அமைப்பு என்சிஏஏ. அதில் மூன்று பிரிவுகள். முதல் பிரிவில் பெண்கள் டென்னிஸ் அணி ஒன்றுக்கு எட்டு முழு உதவித்தொகை என்பது பல காலம் இருந்த கணக்கு. ஆண்கள் அணிக்கு நாலரைதான். பெண்களுக்கு ஏன் இந்தத் தாராளம்? 1972இல் வந்த 'டைட்டில் நைன்' சட்டம், கல்வியில் ஆண் பெண் பாகுபாடு கூடாது என்றது. அமெரிக்கக் கால்பந்து அணி ஒன்றே அப்போது எண்பத்தைந்து உதவித்தொகையை விழுங்கியது. பெண்களுக்கு அவ்வளவு பெரிய அணி கிடையாது. அதைச் சரிக்கட்ட டென்னிஸ் போன்ற ஆட்டங்களில் பெண்களுக்குக் கூடுதலாக வைத்தார்கள். 2025இல் ஒரு நீதிமன்ற உடன்பாட்டால் விதி மாறியது. அதை ஏற்ற பல்கலைக்கழகங்களில் அணிக்குப் பத்துப் பேர்தான். பத்துப் பேருக்கும் முழுத்தொகை கொடுக்கலாம், கொடுத்தே தீர வேண்டும் என்பதில்லை. மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கென்று ஒரு பைசா கிடையாது. ஹார்வர்டும் அது இருக்கும் 'ஐவி லீக்' குழுவின் மற்றப் பல்கலைக்கழகங்களும் முதல் பிரிவில் ஆடினாலும் விளையாட்டுக்காக உதவித்தொகை தருவதில்லை, குடும்ப வருமானம் பார்த்துத்தான் தருவார்கள். பெரியப்பாவுக்குத் தெரிந்த ஒரே பெயர் அதுதான் என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருந்தது.

முழுத்தொகை என்றால் படிப்புக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, புத்தகம் எல்லாம் அடங்கும். போட்டிகளுக்கான பயணமும் பயிற்சியாளரும் கல்லூரியின் பொறுப்பு. அம்மா தன் கணக்கு நோட்டைக் காட்டினார். நாற்பது பக்க நோட்டு, ஓரம் மடங்கி எண்ணெய் பட்டிருந்தது. பந்து டப்பா, ரயில் சீசன், ஷூ. பக்கத்துக்கு மூன்று தடவையாவது 'கட்டிங்' என்று ஒரு வரி. பேட்டுக்கு நரம்பு கட்டுவதற்கு ஆட்டக்காரர்கள் சொல்லும் பெயர் அது. "இந்த நோட்டைப் பார்த்துட்டு எங்க மாமியார் ஒரு வாரம் என் வூட்டுக்காரரோட பேசல டீச்சர்" என்றார்.

கல்லூரி ஆட்டத்தின் அமைப்பைக் கேட்டபோதுதான் அந்தப் பெண் பையைக் கழற்றி வைத்தாள். இரண்டு அணிகள் மோதும். மூன்று இரட்டையர் ஆட்டம், அவற்றில் இரண்டை வென்றால் ஒரு புள்ளி. பிறகு ஆறு ஒற்றையர் ஆட்டம் பக்கத்துப் பக்கத்துக் கோர்ட்டில் நடக்கும், ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. முதலில் நான்கு புள்ளி எடுத்த அணிக்கு வெற்றி. ஆறாவது ஆளின் புள்ளிக்கும் முதல் ஆளின் புள்ளிக்கும் ஒரே மதிப்பு. மூன்றுக்கு மூன்று என்று நிற்கும்போது கடைசிக் கோர்ட்டில் ஆடுகிறவளைச் சுற்றி மொத்த அணியும் நின்று கத்தும். வியாசர்பாடியில் ஃபுட்பால் பார்த்தவர்களுக்கு அந்தச் சத்தம் புரியும்.

பெரியவர்களை டீ குடிக்க அனுப்பிவிட்டு அவளிடம் தனியாகப் பேசினேன். விடியற்காலை கொருக்குப்பேட்டையில் ரயிலேறி, பீச்சில் மாறி, நுங்கம்பாக்கத்தில் இறங்குகிறாள். தோற்றுவிட்டு வரும்போது அந்த ரயிலில் யாரோடும் பேச முடிவதில்லை என்பதுதான் அவளுடைய பெரிய குறை. "நா டீமா ஆடணும் டீச்சர்" என்றாள். கணக்கு நோட்டின் பின்பக்கத்தைக் காட்டினாள். ஒவ்வொரு ஆட்டத்திலும் முதல் சர்வ் எத்தனை உள்ளே விழுந்தது, எந்தப் பக்கம் தப்பியது என்று பென்சிலில் கட்டம் போட்டு வைத்திருக்கிறாள். யாரும் சொல்லிச் செய்ததில்லை. புள்ளியியல் என்று ஒரு படிப்பு இருக்கிறது, அங்கே அதையும் எடுக்கலாம் என்றேன். அப்படி ஒன்று தனியாக இருப்பதே அவளுக்குத் தெரியவில்லை.

பெரியவர்கள் திரும்பி வந்ததும் நான் விட்டுக்கொடுக்காத இரண்டைச் சொன்னேன். ஒன்று, பள்ளியை விடக்கூடாது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என்று குறிப்பிட்ட பாடங்களின் மதிப்பெண்ணை என்சிஏஏ கணக்கெடுக்கும். பிளஸ் டூ முடித்தபின் "ஒரு வருஷம் டிராப் எடுத்து ஆடட்டும்" என்பதும் வேண்டாம். நீட்டுக்கு டிராப் எடுக்கிற பழக்கம் இங்கே ஆபத்து. டென்னிஸில் பள்ளி முடித்து சில மாதங்களுக்குள் சேராமல் போட்டி ஆடிக்கொண்டே இருந்தால் ஆடும் தகுதி ஆண்டுகள் குறையும். பரிசுப்பணம் வாங்குவதற்கு முன்பும் விதியைப் படித்துவிட வேண்டும்.

இரண்டு, முழு உதவித்தொகை இல்லாவிட்டால் போக வேண்டாம். "அறுபது சதவீதம் கிடைச்சா?" என்றார் அப்பா. ஆண்டுச் செலவு 50,000 டாலர் என்று வையுங்கள். அறுபது சதவீதம் போனால் மீதி 20,000. டாலர் 90 ரூபாய் என்றால் 18 லட்சம். மனை முதல் வருடத்திலேயே போய்விடும். அப்புறம் மூன்று வருடம் இருக்கிறது. அவர் கவரை மடித்து இடுப்புக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

கிடைக்குமா என்றால், நிச்சயம் என்று சொல்ல மாட்டேன். யூடிஆர் என்று உலகம் முழுக்க ஒரே அளவில் ஆட்டத்திறனைக் கணிக்கும் எண் ஒன்று உண்டு. கல்லூரிப் பயிற்சியாளர்கள் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். நல்ல முதல் பிரிவு அணிகள் பெண்களிடம் ஒன்பதுக்கு மேல் எதிர்பார்க்கும். இவள் இன்னும் அங்கே வரவில்லை. இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறது. கிடைக்காவிட்டால் இங்கேயே புள்ளியியல் படிக்கட்டும், மனையும் பேட்டும் எங்கும் போகாது. ஏஜென்டிடம் லட்சக்கணக்கில் கட்ட வேண்டிய அவசியமும் இல்லை. பயிற்சியாளர்களின் மின்னஞ்சல் முகவரி அந்தந்தப் பல்கலைக்கழகத் தளத்திலேயே இருக்கும். பத்தாவது முடித்த ஆண்டின் ஜூன் 15க்குப் பிறகு அவர்கள் பதில் எழுதலாம் என்பது விதி, இவளுக்கு அந்தத் தேதி தாண்டிவிட்டது. கடிதத்தை அவளே எழுத வேண்டும், சித்தப்பாவின் சாஃப்ட்வேர் மகன் எழுதித் தரக்கூடாது. கூடவே வெட்டாத, ஒட்டாத ஆட்ட வீடியோ. நல்ல ஷாட்டுகளை மட்டும் பொறுக்கிப் பாட்டுப் போட்டு அனுப்பினால் யாரும் நம்ப மாட்டார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா முதல் வீடியோவை அனுப்பினார். போனை வேலியில் துப்பட்டாவால் கட்டி எடுத்திருக்கிறார்கள். நாற்பது நிமிடம். நடுவில் ஒருவர் கேமராவை மறைத்து நின்று டீ குடித்து முடிக்கும்வரை மூன்று கேம் தெரியவில்லை. கொஞ்சம் உயரத்தில் கட்டி, அடுத்த ஞாயிறு திரும்ப எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.